நிறுவுதிறனில் பாதி, மின்சாரத்தில் கால்: இந்தியாவின் காலநிலை இலக்கை எந்த அளவுகோலால் பார்ப்பது?

வினா: பொருளியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளியொன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இந்தியாவின் காலநிலைக் கொள்கையைப் பற்றி ஒரு சொற்போர் நடத்தினோம். ஒரு மாணவி, புதைபடிவ எரிபொருள் சாராத மின்சாரத்துக்கென 2030ஆம் ஆண்டுக்குள் எட்ட வேண்டிய 50 விழுக்காட்டு இலக்கை இந்தியா 2025 ஜூன் மாதத்திலேயே, ஐந்தாண்டுகள் முன்கூட்டியே, எட்டிவிட்டது என்று அரசின் அறிவிப்பை எடுத்துக்காட்டிப் பேசினாள். எதிரணியில் இருந்த மாணவன், நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது என்றும், 2024-25ஆம் நிதியாண்டில் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக நூறு கோடி டன்னைத் தாண்டியது என்றும் அதே அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே மறுத்தான்.

இருவர் சொன்னதையும் வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். இரண்டுமே உண்மை. நடுவராக அமர்ந்திருந்த என்னால் இவ்விரு உண்மைகளும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்று மாணவர்களுக்கு விளக்க முடியவில்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளைகள் தேடிக் கொண்டுவந்த எண்களுக்கு ஆசிரியர் சரியான விடை தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள். முதலாவது, இந்த 50 விழுக்காடு எதை அளக்கிறது, அந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்தது ஏன்? இரண்டாவது, நிலக்கரி மீது தூய ஆற்றலுக்கென்று பல ஆண்டுகளாக ஒரு வரி வசூலிக்கப்பட்டது என்று படித்திருக்கிறேன். அந்தப் பணம் என்ன ஆயிற்று? கட்சி சார்ந்த விவாதமாக இதை மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கொள்கைகள் ஒன்றுக்கும் மேற்பட்ட ஆட்சிகளில் உருவானவை.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அம்மா, உங்கள் முதல் ஐயத்துக்கு விடை சொல்ல முயல்கிறேன். எந்த மின் நிலையம் எப்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று பார்க்கும் சுமைப் பகிர்வுப் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால் இந்த இரண்டு எண்களோடும் பழகியிருக்கிறேன்.

உங்கள் மாணவி சொன்னது நிறுவுதிறன், அதாவது நாட்டில் நிறுவப்பட்டுள்ள எல்லா மின் நிலையங்களும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் தரக்கூடிய திறன். 2025 ஜூன் இறுதியில் அது ஏறத்தாழ 485 ஜிகாவாட் (ஒரு ஜிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). அதில் ஏறத்தாழ 243 ஜிகாவாட் நிலக்கரி, எரிவாயு, டீசல் ஆகியவற்றைச் சாராதது. சூரிய மின்சாரம் 116, காற்றாலை 52, பெரிய புனல் மின் நிலையங்கள் 49, அணுமின் 9 ஜிகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. எஞ்சியவை உயிர்க்கழிவும் சிறு புனல் மின் நிலையங்களும். ‘புதைபடிவமற்றது’ என்னும் சொல்லுக்குள் அணுமின்னும் பழைய பெரிய அணைகளும் அடங்கும் என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ‘புதுப்பிக்கத்தக்கது’ என்னும் சொல்லோடு அதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உங்கள் மாணவன் சொன்னது உற்பத்தி. ஆண்டு முழுவதும் அந்த நிலையங்களிலிருந்து உண்மையில் எத்தனை யூனிட் வந்தது என்னும் கணக்கு அது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு மெகாவாட் நிலையம் இடைவிடாமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்க வேண்டும். இரவும் மேகமும் உண்டு என்பதால் சூரிய மின் நிலையம் இதில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்தாலே நல்ல நிலையம், ஆக 17.5 லட்சம் யூனிட். நிலக்கரி நிலையங்களோ அண்மை ஆண்டுகளில் சராசரியாக 70 விழுக்காட்டை ஒட்டி ஓடுகின்றன. ஆக 61 லட்சம் யூனிட். ஒரு மெகாவாட் நிலக்கரி நிலையம் தரும் யூனிட்டுகளைச் சூரியனிடமிருந்து பெற மூன்றரை மெகாவாட் அளவுக்குத் தகடு விரிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். நிறுவுதிறனில் பாதிக்குப் பாதி வந்த நாளில் உற்பத்தியில் கால் பங்குதான் வந்திருக்கிறது என்பதில் முரண் ஏதும் இல்லை. கணக்குப்படி அப்படித்தான் வரும்.

உங்கள் ஐயத்தின் இரண்டாம் பகுதியான ‘ஏன் இந்த அளவுகோல்’ என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2021 நவம்பர் 1 அன்று கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் ஐந்து உறுதிமொழிகளை அறிவித்தார். 2070இல் நிகர சுழிய உமிழ்வு என்பது அவற்றுள் ஒன்று. இன்னொன்று, 2030க்குள் இந்தியா தன் ஆற்றல் தேவையில் 50 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து பெறும் என்பது. அந்த உரையில் இருந்த சொல் ‘தேவை’. ஒன்பது மாதங்களுக்குப் பிறகு, 2022 ஆகஸ்டில் அமைச்சரவை ஒப்புதலளித்து ஐக்கிய நாடுகள் அவையிடம் எழுத்தில் கொடுத்த இலக்கில், மின் நிறுவுதிறனில் ஏறத்தாழ 50 விழுக்காடு புதைபடிவமற்றதாக இருக்கும் என்றே காணப்படுகிறது. மேடையில் சொன்னதற்கும் எழுத்தில் கொடுத்ததற்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரியது. முன்னது ஏறக்குறைய எட்ட முடியாதது. பின்னது, அப்போதே 40 விழுக்காட்டைத் தாண்டியிருந்த ஒரு நாட்டுக்கு எட்டக்கூடியது.

அளவுகோல் எப்படியோ அப்படித்தான் கட்டுமானமும் நடக்கும். மெகாவாட்டை இலக்காக வைத்தோம்; மெகாவாட் விரைவாக வந்தது. ராஜஸ்தானின் பட்லாவில் 2,245 மெகாவாட், துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் என்று உலகம் திரும்பிப் பார்க்கும் சூரியப் பூங்காக்களைக் கட்டினோம். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்த மின்சாரத்தைச் சேமித்து மாலையில் தருவதற்கான மின்கலத் தொகுதிகளும், நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையங்களும், அதை வேறு மாநிலத்துக்குக் கொண்டுசெல்லும் மின்தடங்களும் மெகாவாட் கணக்கில் ஏறாதவை. அவை பின்தங்கிப் போயின.

மாலை ஏழு மணிக்கு மின்தொடரமைப்பில் (கிரிட்) என்ன நடக்கிறது என்பதை ஒரு நாளாவது மாணவர்கள் பார்க்க வேண்டும். நண்பகலில் சில நாட்களில் நாட்டின் தேவையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சூரியனே தருகிறது. மாலை நெருங்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அது முழுவதும் மறைந்துவிடும். அதே நேரத்தில் வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஓடத் தொடங்கும். அந்தப் பள்ளத்தை நிரப்ப நிலக்கரி நிலையங்கள் ஏற வேண்டும். நிலக்கரிக் கொதிகலனை நண்பகலில் அணைத்துவிட்டு மாலையில் மூட்டுவது அடுப்பை மூட்டுவது போன்றதன்று; குளிர்ந்த கொதிகலன் மீண்டும் முழு வேகத்துக்கு வரப் பல மணி நேரமாகும், குழாய்களும் தேயும். ஆகவே பகலிலும் அதைக் குறைந்த சுமையில் ஓடவிடுகிறோம். அந்தக் குறைந்தபட்ச அளவை 55 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 40க்குக் கொண்டுவர மத்திய மின்சார ஆணையம் 2023இல் ஒழுங்குமுறை வகுத்தது. வெளியே அதிகம் பேசப்படாத அந்த விதி, பல சூரியப் பூங்காக்களின் திறப்பு விழாவை விட முக்கியமானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் நிலக்கரி எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுதான் நண்பகல் சூரியனுக்கு இடம் கிடைக்கும்.

மறுமொழி 2: பொதுக்கொள்கை ஆய்வு மாணவர்

மேலே உள்ள விளக்கம் தெளிவானது. ஆனால் அதன் முடிவை முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. நிறுவுதிறனை இலக்காகக் கொண்டது எளிய வழியைத் தேடிய செயல் என்னும் எண்ணம் அதில் தொனிக்கிறது. ஒரு வளரும் நாடு பன்னாட்டு ஒப்பந்தத்தில் எதைக் கையெழுத்திட முடியும் என்னும் பக்கத்தையும் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

எத்தனை யூனிட் உற்பத்தியாகும் என்பது எந்த அரசின் கையிலும் முழுமையாக இல்லை. பருவமழை பொய்த்தால் அணைகள் வற்றும், புனல் மின்சாரம் குறையும், நிலக்கரி ஏறும். வெப்ப அலை வந்தால் தேவை உயரும். 2024 மே 30 அன்று உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். எத்தனை நிலையம் கட்டுவோம் என்பது கொள்கையால் தீர்மானிக்கக்கூடியது. தன் கையில் இருப்பதற்கு வாக்குக் கொடுப்பதும் நேர்மையே.

மேலும், 2022இல் சமர்ப்பித்த இலக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொழில்நுட்பப் பரிமாற்றமும் பசுமைக் காலநிலை நிதியம் உள்ளிட்ட வழிகளில் குறைந்த வட்டிக்கான பன்னாட்டு நிதியும் கிடைக்கும் என்னும் அடிப்படையில்தான் அந்த 50 விழுக்காடு முன்வைக்கப்பட்டது. அந்த நிதி பெரிதாக வந்து சேரவில்லை. அப்படியிருந்தும் இலக்கு எட்டப்பட்டது. சூரிய மின் நிலையத்துக்குச் செலவெல்லாம் தொடக்கத்திலேயே வந்துவிடும். பிறகு எரிபொருள் செலவு இல்லை. எனவே அதன் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கடன் வட்டிதான். பணக்கார நாட்டில் கிடைக்கும் வட்டிக்கு இங்கே கடன் கிடைத்தால் அதே தகட்டிலிருந்து வரும் யூனிட் இன்னும் மலிவாகும். காலநிலை நீதி என்று நாம் பேசுவதை மாணவர்கள் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். நாட்டு வருமானத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு உமிழ்கிறோம் என்னும் உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டை விட 2030க்குள் 45 விழுக்காடு குறைப்பதும் இந்தியாவின் இலக்கு. 2020 வரை 36 விழுக்காடு குறைத்திருப்பதாக 2024 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த அறிக்கை கூறுகிறது. செறிவு குறைகிறது; மொத்த உமிழ்வு கூடுகிறது. தலைக்கு ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு உமிழும் நாட்டில், இன்னும் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குளிர்பதனப் பெட்டியே போய்ச் சேராத நிலையில், மொத்த உமிழ்வு சில காலம் கூடத்தான் செய்யும். அதைத் தோல்வி என்று பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட வேண்டாம்.

மறுமொழி 3: கணக்குத் தணிக்கையாளர், கோயம்புத்தூர்

ஆசிரியை அவர்களின் இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். முன்னிருவரின் வாதத்தை விட இதில்தான் நம் நாட்டுக் காலநிலைக் கொள்கையின் உண்மையான பலவீனம் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

2010 ஜூலையில் நிலக்கரி ஒரு டன்னுக்கு 50 ரூபாய் என்னும் தூய ஆற்றல் தீர்வை வந்தது. உலகில் அந்நாளில் கரிமத்துக்கு வரி போட்ட வளரும் நாடுகள் மிகச் சிலவே. நாம் அவற்றுள் ஒன்றாக இருந்தோம். 2014இல் அது 100 ரூபாயாகவும், 2015இல் 200 ரூபாயாகவும், 2016இல் 400 ரூபாயாகவும் உயர்ந்தது. நம் நிலக்கரி ஒரு டன் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு வெளியேறும் என்று கொண்டால், ஒரு டன் உமிழ்வுக்கு 260, 270 ரூபாய் என்று கணக்காகும். சிறு தொகைதான். ஆனால் நாட்டில் எரியும் நிலக்கரியின் அளவை எண்ணிப் பார்த்தால் திரள்வது பெருந்தொகை.

2010-11 முதல் 2017-18 வரை இந்தத் தீர்வையாக வந்தது ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். இதற்கென உருவாக்கப்பட்ட தேசியத் தூய ஆற்றல் நிதியத்துக்கு மாற்றப்பட்டது ஏறத்தாழ 29,650 கோடி. அதிலிருந்து திட்டங்களுக்குச் சென்றது ஏறத்தாழ 15,900 கோடி. வசூலான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் பதினெட்டு ரூபாய் மட்டுமே எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்குப் போயிருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்த 400 ரூபாய் அப்படியே மாநிலங்களுக்கான இழப்பீட்டுத் தீர்வை என்று பெயர் மாறியது. அதன் பிறகு அந்தப் பணத்துக்கும் தூய ஆற்றலுக்கும் பெயரளவில்கூடத் தொடர்பு இல்லை. மாநிலங்களுக்கான இழப்பீட்டுக் காலம் 2022 ஜூனில் முடிந்த பின்னரும், பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய கடனை அடைப்பதற்காக வசூல் தொடர்ந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் 400 ரூபாய்த் தீர்வை நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. கேட்பவருக்கு வரி கூடியது போலத் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். டன் 1,500 ரூபாய் விலையுள்ள உள்நாட்டு நிலக்கரிக்கு முன்பு 75 ரூபாய் வரியும் 400 ரூபாய் தீர்வையும் சேர்ந்து 475 ரூபாய். இப்போது 270 ரூபாய். டன் 8,000 ரூபாய்க்கு இறக்குமதியாகும் நிலக்கரிக்கு முன்பு 800 ரூபாய். இப்போது 1,440 ரூபாய். ஏறத்தாழ 3,080 ரூபாய்க்குக் கீழே விலையுள்ள எல்லா நிலக்கரிக்கும் வரிச்சுமை இறங்கியிருக்கிறது, அதற்கு மேல் உள்ளதற்கு ஏறியிருக்கிறது. மின்சாரம் இந்த வரி அமைப்புக்கு வெளியே இருப்பதால் மின் நிலையங்கள் கட்டிய வரியைத் திரும்பக் கோர முடியாது. அது மின்கட்டணத்தில்தான் போய் விழும். எனவே இந்த மாற்றத்தால் மின் செலவு குறைகிறது என்பது நுகர்வோருக்கு நன்மையே. இறக்குமதியைக் குறைப்பதும் தேவையான நோக்கமே. ஆனால் சாம்பல் மிகுந்த, வெப்பத்திறன் குறைந்த, மலிவான நிலக்கரிக்குச் சுமை குறைந்து, எடைக்கேற்ப விழுந்த வரி விலைக்கேற்ப விழும் வரியாக மாறியதால், வரிக்கும் புகைக்கும் இருந்த கடைசி இழையும் அறுந்தது.

அதன் இடத்தில், இலக்கை விடக் குறைவாக உமிழும் ஆலைகள் வரவு பெற்று மற்ற ஆலைகளுக்கு விற்கக்கூடிய கரிம வரவு வணிகத் திட்டம் வந்திருக்கிறது என்பார்கள். 2022இல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டார்கள். அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளில் 282 ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் செறிவு இலக்குகள் வந்தன. இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வுக்கேற்ப ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கரிம வரியை எதிர்கொள்ள நம் ஏற்றுமதியாளர்களுக்கு இது உதவக்கூடும், வரவேற்கிறேன். ஆனால் நாட்டில் மிகுதியாக நிலக்கரி எரிக்கும் துறையான மின்னுற்பத்தி இந்தச் செறிவு இலக்குகளுக்கு வெளியே இருக்கிறது.

மறுமொழி 2 எழுதிய நண்பருக்கு ஒரு சொல். பன்னாட்டு நிதி வரவில்லை என்று நாம் கேட்பது நியாயம். கேட்கும்போது, நம் மக்களிடமே வாங்கிய 86,000 கோடியை என்ன செய்தோம் என்று எதிரே இருப்பவர் கேட்டால் சொல்வதற்கு நம்மிடம் விடை இருக்க வேண்டும்.

மறுமொழி 4: முன்னாள் வங்கி அலுவலர், தன்பாத்தில் பதினொரு ஆண்டுகள்

மூவரும் மின்சாரத்தையும் பணத்தையும் பேசினீர்கள். நிலக்கரி ஏன் எளிதில் குறையாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை நான் ஜார்க்கண்டில் வேலை பார்த்த ஆண்டுகளில் கண்ணால் கண்டேன்.

அங்கே நிலக்கரி என்பது ஊரின் சம்பளம். கோல் இந்தியா நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு ஓய்வூதியமும் மருத்துவமும் உண்டு. அவர்களைச் சுற்றி ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், தேநீர்க்கடைக்காரர்கள் என்று எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்கள் பல மடங்கு. சைக்கிளில் இருநூறு கிலோவரை நிலக்கரி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு, ஏறி மிதிக்க முடியாமல் இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போகும் ஆட்களை விடியற்காலையில் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். எரிசக்தி மாற்றம் பற்றிய எந்த அறிக்கையும் அவர்களை எண்ணுவதில்லை, ஏனெனில் அவர்கள் செய்யும் வேலையே கணக்கில் இல்லை.

மாநிலத்துக்கு நிலக்கரி மீது 14 விழுக்காடு உரிமத்தொகை (ராயல்டி) கிடைக்கிறது. 2015இல் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை அமைத்தார்கள். பழைய சுரங்கங்கள் உரிமத்தொகையில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும், ஏலத்தில் எடுத்த புதியவை 10 விழுக்காட்டையும் அந்த மாவட்டத்துக்கே தர வேண்டும். தன்பாத், கோர்பா, சிங்ரௌலி போன்ற மாவட்டங்களில் பெருந்தொகை சேர்கிறது. ரயில்வேயின் சரக்கு எடையில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. அந்த வருவாய்தான் பயணிகள் கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்கிறது. சென்னையிலிருந்து நான் தன்பாத்துக்குச் சென்ற பயணச்சீட்டிலும் அந்த நிலக்கரியின் பங்கு இருந்தது. எனவே நிலக்கரி குறைந்தால் மூன்று கருவூலங்களில் ஓட்டை விழும். அதை எதைக் கொண்டு அடைப்பது என்று சொல்லாத காலநிலைத் திட்டம் எதுவாக இருந்தாலும் அந்த மாநில முதலமைச்சர் ஒருவரும் அதற்குக் கையெழுத்திட மாட்டார். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

சூரிய ஒளியும் காற்றும் ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மேற்கு, தெற்கு மாநிலங்களில் மிகுதி. நிலக்கரி கிழக்கில். வேலை இழப்பது ஜார்க்கண்டில், புதிய வேலை தோன்றுவது ஜைசல்மேரில். தன்பாத் அருகே உள்ள ஜரியாவில் 1916 முதல் நிலத்துக்கடியில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டுச் சுவர் வெடித்து, தரையிலிருந்து புகை வரும் இடங்களில் குடும்பங்கள் வாழ்வதைக் கண்டேன். அவர்களை மாற்றிக் குடியமர்த்தும் முதன்மைத் திட்டம் 2009இல் ஒப்புதல் பெற்றது. 2025இல் திருத்திய திட்டத்துக்கு மீண்டும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. பெலகரியாவில் கட்டிய குடியிருப்புக்குப் போனவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். வீடு கிடைத்தது, அருகே பிழைப்பு இல்லை. அதனால் திரும்பி வந்தவர்கள் உண்டு. நெருப்பின் மேல் இருக்கும் மக்களையே இத்தனை ஆண்டுகளில் நகர்த்த முடியவில்லை என்னும்போது, ஒரு தொழிலையே நகர்த்துவது எத்தகைய வேலை என்று எண்ணிப் பாருங்கள். மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் பணத்தைச் சாலைக்கும் கட்டடத்துக்கும் செலவிடுவதைக் குறைத்து, சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் எதைச் செய்து பிழைக்கும் என்பதற்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் ஏற்கெனவே மாவட்டத்தில் இருக்கிறது. தில்லியிலிருந்தோ ஜெனீவாவிலிருந்தோ வர வேண்டியதில்லை.

வினவியவர் மீண்டும்

நால்வருக்கும் உளமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அச்சிட்டு வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். மறுமொழி 2 எழுதியவர் சொன்ன எச்சரிக்கையையும் மனத்தில் கொள்கிறேன். கூடும் உமிழ்வைத் தோல்வி என்று சொல்லமாட்டேன்.

இன்று வகுப்பில் இதைத் தொடங்கியபோது, ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் காற்று மிகுதியாக வீசும்போதே சில காற்றாலைகளை நிறுத்தி வைப்பார்கள், அது ஏன்?” மின்பொறியாளர் ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும். யூனிட் கணக்கை மாணவர்களே நாள்தோறும் பார்ப்பதற்கு வழி உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற மின்பொறியாளர்

அந்த மாணவனின் கேள்வி, நான் முன்பு சொன்ன முழுவதையும் ஒரே ஊரில் காட்டிவிடுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருவதால், ஆண்டு முழுவதற்குமான காற்றாலை மின்சாரத்தின் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை வந்து குவிகிறது. அதே நாட்களில் மழையால் தேவை சற்றுத் தணியும். நள்ளிரவில் இன்னும் தணியும். நிலக்கரி நிலையங்கள் தம் குறைந்தபட்சச் சுமைக்குக் கீழே இறங்க முடியாது. மிஞ்சியதை வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தடம் போதாவிட்டாலோ, வாங்குவோர் இல்லாவிட்டாலோ, சுற்றும் இறக்கையை நிறுத்தச் சொல்ல வேண்டிவருகிறது. தொடரமைப்பின் பாதுகாப்புக்காக நிறுத்துவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறு மின்சாரம் மலிவு என்பதற்காகவோ பணம் தர வேண்டியிருக்கும் என்பதற்காகவோ நிறுத்தினால் இழப்பீடு தர வேண்டும் என்று, தமிழ்நாட்டின் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்பான வழக்கில் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இன்று அதே நிலை ராஜஸ்தானில் நண்பகல் சூரியனுக்கு வந்திருக்கிறது.

தீர்வுகள் தெரியாதவை அல்ல. புதிய சூரிய மின் ஒப்பந்தப் புள்ளிகளில் நிலையத் திறனில் 10 விழுக்காட்டு அளவுக்கு இரண்டு மணி நேரச் சேமிப்பைச் சேர்க்குமாறு மத்திய மின்சார ஆணையம் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது. இரண்டு மணி நேரம் போதாது. ஆயினும் திசை சரி. மலிவான இன்னொரு வழி, வேளாண் பம்புசெட்டுகளை இரவிலிருந்து பகலுக்கு மாற்றுவது. நாட்டின் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கை ஒட்டி வேளாண்மைக்குப் போகிறது. தண்ணீருக்கு எந்த நேரத்தில் மேலே வந்தாலும் ஒன்றுதான். வயலே அதற்குச் சேமிப்புக் கிடங்கு. கர்நாடகம் வேளாண் மின்பாதைகளைப் பகல் நேரத்துக்கு மாற்றிச் சூரிய மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டது. இரவு இரண்டு மணிக்குப் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சி மோட்டார் போடப் போகும் உழவர்களுக்கும் அது நிம்மதி. இதில் ஒரு மெகாவாட்கூடப் புதிதாக நிறுவப்படுவதில்லை. எனவே இன்றைய இலக்கின் கணக்கில் இதற்கு மதிப்பெண் சுழியம்.

மறுமொழி 2 எழுதிய நண்பர் சொன்னது போல யூனிட் எண்ணிக்கை மழையோடும் வெயிலோடும் ஏறி இறங்கும் என்பது உண்மைதான். அதற்காக அதை எண்ணாமல் விட வேண்டியதில்லை. ஐந்தாண்டுச் சராசரியாக எடுத்துக்கொண்டால் ஒரு பருவமழையின் பிழை அதில் கரைந்துவிடும். நிறுவுதிறன் இலக்கை எட்டிய நாடு அடுத்த இலக்கை யூனிட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மாணவர்களுக்குத் தேவையான எண் வெளியே கிடைக்கிறது. நாட்டின் மின்தொடரமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா நிறுவனம் நாள்தோறும் முந்தைய நாளின் மின்வழங்கல் நிலை அறிக்கையைத் தன் வலைத்தளத்தில் வெளியிடுகிறது. முதல் பக்கங்களில் மண்டலவாரியாக மாலை உச்சத் தேவையும் பற்றாக்குறையும் இருக்கும்; பிறகு ஒவ்வொரு மாநிலமும் எடுத்துக்கொண்ட மின்சாரம் இருக்கும். கீழே போனால், எரிபொருள்வாரியாக எத்தனை மில்லியன் யூனிட் உற்பத்தியாயிற்று என்னும் அட்டவணை வரும். அதன் அடியில் இரண்டு வரிகள்: மொத்த உற்பத்தியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு, புதைபடிவமற்ற ஆற்றலின் பங்கு. அந்த இரண்டாவது வரியை மாணவர்கள் நாளுக்கு ஒன்றாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். தை மாதத்தில் ஒரு வாரம், ஆடியில் ஒரு வாரம் எழுதினாலே ஆரல்வாய்மொழிக் காற்று அந்த எண்ணில் ஏறி இறங்குவதை அவர்களே காண்பார்கள்.